நோக்கியாவின் திறன்பேசிகளும் அவற்றில் எழுதப்படாத தமிழும்

நோக்கியாவின் பழைய திறன்பேசிகளைப் பற்றிய நினைவுப் பதிவுகள் சமூக ஊடகங்களில் அவ்வப்போது வலம் வருகின்றன. 9000 கம்யூனிகேட்டர், 7650, 6600, என்95, இ71 என ஒரு பட்டியல். ஒவ்வொன்றின் கேமரா எத்தனை பிக்சல், எவ்வளவு நினைவகம், எந்த ஆண்டு வெளிவந்தது என்ற குறிப்பு. கடைசியில் ஐபோன் வந்தது, நோக்கியா வீழ்ந்தது என்ற முடிவுரை. இப்பட்டியல்களில் பிழை எதுவும் இல்லை. ஆனால் மொழியியல் பயின்றவள் என்ற முறையில், அவற்றில் ஒரு கேள்வி எழுப்பப்படுவதே இல்லை என்பதை நான் கவனிக்கிறேன். இக்கருவிகளில் யார், எந்த மொழியில் எழுத முடிந்தது?

பேசுவதற்குத் திறன்பேசி தேவையில்லை. எந்தக் கைப்பேசியும் போதும். திறன்பேசி என்ற வகை உருவானதே எழுதவும் படிக்கவும் எழுதியதைச் சேமிக்கவும்தான். ஆகவே அதை எழுதுகருவியாகக் கொண்டே அதன் வரலாற்றை மதிப்பிட வேண்டும். அப்படி மதிப்பிட்டால், நோக்கியாவின் புகழ்பெற்ற மாதிரிகள் பொறியியலில் முன்னோடிகளாகவும் இந்திய மொழிகளைப் பொறுத்தவரை ஒரு தவறான முன்முடிவின் சின்னங்களாகவும் ஒருசேரத் தோன்றுகின்றன. "திறன்பேசி வாங்குபவர் ஆங்கிலத்தில் எழுதுபவர்" என்பதே அந்த முன்முடிவு. அதன் விளைவை நாம் இன்றும் நம் விரல்களில் சுமக்கிறோம் என்பது என் கருத்து.

நோக்கியாவின் தொடக்கமே எழுத்தோடு தொடர்புடையது. 1865இல் பின்லாந்தின் தாம்பரே நகரில் ஃபிரெட்ரிக் ஈதெஸ்தாம் நிறுவிய மரக்கூழ் ஆலையே அந்நிறுவனத்தின் வேர். காகிதத் தொழிலில்தான் அது வளர்ந்தது. 1996இல் அது வெளியிட்ட 9000 கம்யூனிகேட்டரும் ஒரு குறிப்பேட்டைப் போன்றே இருந்தது. மூடியிருக்கும்போது தடித்த கைப்பேசி. நீளவாக்கில் திறந்தால் உள்ளே அகன்ற கறுப்புவெள்ளைத் திரையும் முழு விசைப்பலகையும். எடை 397 கிராம். இன்றைய திறன்பேசிகள் இரண்டின் எடை. தொலைநகல் அனுப்பலாம், மின்னஞ்சல் எழுதலாம், இணையப் பக்கம் பார்க்கலாம். அது அலுவலக மேலாளரின் மேசையைச் சட்டைப்பைக்குள் கொண்டுவர முயன்ற கருவி. அதன் விசைப்பலகை தட்டச்சுப்பொறியின் வழித்தோன்றல். எந்த மொழியில் எழுதலாம் என்பது அந்த விசைகளின் மேல் அச்சிடப்பட்டிருந்தது.

2001 நவம்பரில் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த 7650 வேறு வகையானது. சிம்பியன் இயங்குதளத்தின்மேல் நோக்கியா அமைத்த சீரிஸ் 60 இடைமுகத்தைக் கொண்ட முதல் கைப்பேசி அது. நோக்கியாவின் கைப்பேசிகளில் உள்ளமைந்த கேமராவோடு வந்ததும் அதுவே முதலாவது. முழு விசைப்பலகை போய், கீழே நகர்ந்து விரியும் பன்னிரண்டு விசைகள் வந்தன. ஒரே கையால், பெருவிரலால் இயக்கலாம். எழுதுவது மேசையைவிட்டு நகர்ந்து, பேருந்துப் பயணத்திற்கும் வகுப்பறையின் கடைசி வரிசைக்கும் வந்தது. 2 என்ற விசையை மும்முறை அழுத்தினால் 'சி', 7ஐ நான்கு முறை அழுத்தினால் 'எஸ்' என்ற முறையை ஒரு தலைமுறையே பார்க்காமல் எழுதும் அளவுக்குக் கற்றுக்கொண்டது. விசைகளின் இடம் எழுதுபவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நோக்கியா ஒரு தோல்வியின் மூலம் அறிந்தது. 2003இன் 3650 மாதிரியில் எண்களைப் பழைய சுழல்தொலைபேசியைப்போல வட்டமாக அடுக்கியது. குறைகூறல்கள் வந்ததும் 3660 மாதிரியில் வழக்கமான வரிசைக்குத் திரும்பியது. ஐரோப்பியப் பயனரின் பெருவிரலுக்காக ஒரு மாதிரியையே மாற்றி வெளியிட முடிந்தது என்பதை நினைவில் கொள்வோம்.

அதே 2003இல் வந்த 6600ஐ இந்தியாவில் அறியாதார் குறைவு. குண்டான உடல், நடுவில் சிறு திசைவிசை, விஜிஏ கேமரா, உள்நினைவகம் 6 எம்பி. கல்லூரி மாணவர்களும் சிறு வணிகர்களும் திரைத்துறையினரும் வைத்திருந்த கருவி அது. இந்தியாவில் பலருக்கு அதுவே முதல் திறன்பேசி. அதில் ஒரு தமிழ் இணையப் பக்கத்தைத் திறந்தால் வரிசை வரிசையாக வெற்றுக் கட்டங்களே தெரிந்தன. யாரேனும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாலும் அதே கட்டங்கள்தாம்.

இதற்குக் கூறப்படும் காரணங்கள் மூன்று. மூன்றையும் ஆராய்வது நம் துறையினரின் கடமை.

முதல் காரணம், இந்திய எழுத்துகள் எண்ணிக்கையில் மிகுதி, பன்னிரண்டு விசைகளில் அடங்கா என்பது. தமிழுக்கு 247 எழுத்துகள் என்று பள்ளியில் படித்த எவருக்கும் இது நியாயமாகத் தோன்றும். ஆனால் தமிழ் இலக்கண மரபு முதலெழுத்துகள் முப்பதே என்கிறது: உயிர் 12, மெய் 18. உயிர்மெய்கள் இவற்றின் சேர்க்கை. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையின் அடிப்படையும் இதுவே. மெய்யின் விசையையும் உயிரின் விசையையும் அடுத்தடுத்து அழுத்தினால் உயிர்மெய்யை மென்பொருள் உருவாக்கிக்கொள்ளும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை எட்டு விசைகளில் பகிர்ந்து வைக்க முடிந்தது எனில், முப்பதையும் ஆய்தத்தையும் சில கிரந்த எழுத்துகளையும் பத்துப் பன்னிரண்டு விசைகளில் வைப்பது கடினமான வேலை அன்று. முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அறிமுகமாகி, சாதாரணக் கைப்பேசியிலேயே தமிழில் குறுஞ்செய்தி எழுத முடியும் என்பதை நடைமுறையில் காட்டியது. உலகின் மிகப் பெரிய கைப்பேசி நிறுவனம் செய்யாததை ஒரு சிறு குழு செய்தது.

இரண்டாவது காரணம் நினைவகம். 2003இன் கருவியில் இடம் குறைவுதான். ஆனால் அதே 6600 சீனச் சந்தைக்குச் சென்றபோது ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளைக் காட்டியது. பன்னிரண்டு விசைகளைக் கொண்டே அவற்றை எழுதவும் வழிசெய்தது. ஆயிரக்கணக்கான வடிவங்களுக்கு இடம் இருந்த கருவியில் முந்நூறுக்கும் குறைவான வடிவங்களுக்கு இடம் இல்லை என்ற வாதம் நிற்காது. கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் வருவது போன்ற சிக்கல்கள் தமிழில் உண்டு. நான் ஆய்வு செய்யும் ஐதராபாத்தில் என் தெலுங்கு நண்பர்கள் சுட்டுவதைப்போல, அவர்களுடைய ஒத்தெழுத்துகளைக் காட்டுவது இன்னும் கடினம். எனினும் இவை தீர்வே இல்லாத சிக்கல்கள் அல்ல. கணினிகளில் அப்போதே தீர்க்கப்பட்டிருந்தவை.

மூன்றாவது காரணம் மட்டுமே உண்மையான தடை; அது நோக்கியாவோடு முடிவதும் இல்லை. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கிலத்தையும் மேற்கு ஐரோப்பிய மொழிகளையும் மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட குறியேற்றத்தில் ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டுகள். ஆகவே 160 எழுத்துகள். அந்தப் பட்டியலில் இல்லாத எழுத்து ஒன்று வந்தாலும் செய்தி முழுவதும் பதினாறு பிட்டுக் குறியேற்றத்துக்கு மாறும், அப்போது 70தான். 'வணக்கம்' என்ற சொல்லை ரோமன் எழுத்தில் எழுதினால் எட்டு எழுத்துகள். ஒருங்குறித் தமிழில் புள்ளிகளையும் சேர்த்து எண்ணினால் ஏழு குறிகள். சொல்லளவில் தமிழ் சற்றுச் சிக்கனமானதே. ஆனாலும் ரோமனில் ஒரே செய்தியாகப் போகும் 160 எழுத்து வாசகம் தமிழில் மூன்று செய்திகளாக உடையும்; மூன்று செய்திகளின் கட்டணம் விழும். மாதத்திற்கு இத்தனை செய்தி இலவசம் என்று எண்ணி எண்ணி அனுப்பிய மாணவர்களுக்கு இது சிறு செலவு அன்று. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஏழு பிட்டுப் பட்டியல்களைச் சேர்க்கும் பன்னாட்டுத் தரம் 2009 அளவில்தான் உருவானது. அதன்படி ஒரு செய்தியில் 150க்கும் மேற்பட்ட தமிழ்க் குறிகளை அனுப்பலாம். அது பரவலான பயன்பாட்டுக்கு வருமுன்பே குறுஞ்செய்தியின் காலம் முடிந்து வாட்ஸ்அப்பின் காலம் தொடங்கிவிட்டது.

ஆக, முதலிரண்டு காரணங்களும் உண்மையில் காரணங்களே அல்ல. மூன்றாவது, செலவைக் கூட்டியதே தவிர எழுதுவதைத் தடுக்கவில்லை. அப்படியானால் உண்மைக் காரணம் எது? விடை நோக்கியாவின் மலிவான கைப்பேசிகளில் இருக்கிறது. இந்திய மொழிகள் அந்நிறுவனத்தின் கருவிகளில் முதலில் நுழைந்தது எளிய மாதிரிகளின் வழியாகத்தான். 2000இல் 3210 இந்திப் பட்டியலோடு வந்தது. அடுத்த ஆண்டுகளில் பிற இந்திய மொழிகளும் விலை குறைந்த மாதிரிகளில் இடம்பெற்றன. ஊரகப் பயனருக்காக டார்ச் விளக்கு, தூசு புகாத விசைகள், தாய்மொழிப் பட்டியல் என்று யோசித்த அதே நிறுவனம், உயர்விலைத் திறன்பேசியின் தமிழ்ப் பயனரை ஆங்கிலப் பயனராகவே கருதியது. மொழி என்பது கல்வி குறைந்தோருக்கு அளிக்கப்படும் சலுகை. பணமும் படிப்பும் வந்தால் அந்தச் சலுகை தேவையில்லை. இதுவே அந்த அடுக்குமுறையின் உட்பொருள். சீனாவில் இந்த அனுமானம் சாத்தியமே இல்லை; சீனம் தெரியாத கருவியைச் சீனர் வாங்கமாட்டார். இந்தியாவில் நாம் வாங்கினோம். படித்தவர் ஆங்கிலத்தில் எழுதுவார் என்ற கணிப்பை ஹெல்சிங்கி தானாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் பள்ளிகளும் அலுவலகங்களும் நேர்காணல்களும் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததை அது சந்தைத் தகவலாக எடுத்துக்கொண்டது.

இங்கே ஒரு முரண் உண்டு. 2006 முதல் நோக்கியாவின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்று திருப்பெரும்புதூரில் இயங்கியது. ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் அங்கே கைப்பேசிகளைப் பொருத்தினர். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. வேலை இழந்தவர்களின் துயரம் தனியாக எழுதப்பட வேண்டியது. உற்பத்திக்கு நம் கைகளை நம்பிய நிறுவனம், திறன்பேசியில் நம் எழுத்தை ஒரு தேவையாகக் கருதவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

பிந்தைய மாதிரிகளிலும் கதை பெரிதாக மாறவில்லை. 2007இல் உலகில் விற்ற திறன்பேசிகளில் ஏறத்தாழப் பாதி நோக்கியாவினுடையவை. அவ்வாண்டு விற்பனைக்கு வந்த என்95இல் 5 மெகாபிக்சல் கேமரா, ஜிபிஎஸ், வைஃபை எல்லாம் இருந்தன. 2008இன் இ71 முழு விசைப்பலகையோடு வந்தது. கையடக்கத் தட்டச்சுக்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை என்று அதைப் பயன்படுத்தியோர் இன்றும் சொல்வர். இவற்றில் தமிழைப் படிக்க நம்மவர் நாடியது ஓபரா மினி உலாவியை. அதன் அமைப்புப் பக்கத்தில், சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் படவடிவ எழுத்துருவைப் பயன்படுத்து என்று ஒரு தேர்வு இருந்தது. அதை இயக்கினால் தொலைதூர வழங்கி தமிழ் எழுத்துகளைச் சிறு படங்களாக மாற்றி அனுப்பும். தமிழ் வலைப்பதிவுகளைப் பலர் முதன்முதலில் கைப்பேசியில் படித்தது இப்படித்தான்: எழுத்தாக அல்லாமல், எழுத்தின் படமாக. படிக்கலாம்; பதில் எழுத முடியாது.

இத்தனையிலும் ஒரு கட்டமைப்புத் தடை ஒளிந்திருந்தது. நெகிழி விசையில் எழுத்து ஆலையிலேயே அச்சாகிவிடுகிறது. எந்த மொழி என்ற முடிவு பயனரின் கைக்கு வருமுன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. தொடுதிரையில் விசைப்பலகை வெறும் மென்பொருள். காலையில் தமிழ், மாலையில் தெலுங்கு என மாற்றிக்கொள்ளலாம். நோக்கியாவும் 2008 அக்டோபரில் 5800 மாதிரியை அறிவித்துத் தொடுதிரைக்கு வந்தது. ஆனால் நெகிழி விசைகளின் காலத்துச் சிந்தனையோடு வந்தது. ஆப்பிளும் ஆண்ட்ராய்டும்கூடத் தமிழை உடனே ஏற்கவில்லை. தொடக்கக்கால ஆண்ட்ராய்டு கருவிகளிலும் அதே கட்டங்களைக் கண்டோம். வேறுபாடு, அங்கே பிழையைப் பின்னர் திருத்த இடம் இருந்தது என்பதே. எல்லாக் கைப்பேசிகளும் 22 அட்டவணை மொழிகளையும் காட்ட வேண்டும். ஆங்கிலம், இந்தி, மேலும் ஓர் இந்திய மொழியில் எழுத வழிசெய்ய வேண்டும் என்று ஐஎஸ் 16333 தரத்தின்படி இந்திய அரசு ஆணையிட்டது 2016இல். நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்குக் கொடுத்து அப்போதே ஈராண்டுகள் கடந்திருந்தன.

இன்று எந்த மலிவான திறன்பேசியிலும் தமிழில் எழுதலாம். குரலைக்கூட எழுத்தாக மாற்றலாம். ஆயினும் நம் மாணவர்களின் உரையாடல் குழுக்களைப் பாருங்கள். தமிழ் இலக்கியம் பயில்வோரும் ரோமன் எழுத்திலேயே தமிழை எழுதுகிறார்கள். சோம்பல் என்று இதைக் கடிந்துகொள்வோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு கருவி பழக்கிய எழுத்துமுறை இது. தடை நீங்கிவிட்டது, தடைக்கு ஏற்ப வளர்ந்த பழக்கம் அண்ணனிடமிருந்து தம்பிக்கு, மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்கு என்று தொடர்கிறது. பிற்காலத்தில் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு மொழியை ஒதுக்கி வைக்கும் ஒவ்வொரு தொழில்நுட்ப நிறுவனமும் இந்த விலையைக் கணக்கில் எடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் "முதலில் ஆங்கிலம், பிறகு மற்றவை" என்று இன்று நம்மிடம் சொல்லப்படும்போது, 6600இன் கட்டங்கள் நினைவுக்கு வர வேண்டும்.

ஆய்வாளர்களிடம் நான் வைக்க விரும்பும் கோரிக்கை இதிலிருந்தே பிறக்கிறது. அந்தப் பழக்கம் உருவான காலத்தின் சான்றுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. இரட்டை வழக்குள்ள தமிழில், பேச்சுவழக்கை இலட்சக்கணக்கான சாதாரண மக்கள் அன்றாடம் எழுதத் தொடங்கியது குறுஞ்செய்தியில்தான் என்று கருதுகிறேன். 'பல்', 'பால்' இரண்டும் ரோமனில் ஒரே வடிவம் பெற்றபோது படிப்பவர் எப்படிப் பிரித்தறிந்தார்? ல, ள, ழ மூன்றையும் எவ்வூரார் எப்படி எழுதினர்? எந்தப் பொருளுக்குப் பேச்சுவழக்கு, எந்தப் பொருளுக்கு எழுத்துவழக்கு அல்லது ஆங்கிலம்? இவற்றுக்கெல்லாம் விடை அந்தச் செய்திப்பெட்டிகளில் உண்டு. அவை மேசை இழுப்பறைகளில், மின்கலம் உப்பிய கருவிகளில், நோக்கியா பிசி சூட் உருவாக்கிய, இன்று எளிதில் திறவாத காப்புக் கோப்புகளில் கிடக்கின்றன.

பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம் நோக்கியாவின் வடிவமைப்பு ஆவணங்களைத் திரட்டி 2025 ஜனவரியில் இணையத்தில் திறந்துவைத்தது. வடிவமைத்தோரின் வரைபடங்கள் பாதுகாப்பாக உள்ளன. அக்கருவிகளில் எழுதியோரின் எழுத்து? பெல்ஜியத்தின் லூவெய்ன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2004இலேயே பொதுமக்களிடம் குறுஞ்செய்திகளை நன்கொடையாகக் கேட்டு 75,000 பிரெஞ்சுச் செய்திகளைத் திரட்டியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆங்கில, சீனக் குறுஞ்செய்தித் தொகுப்பை உருவாக்கிப் பொதுவில் வைத்தது. இவை பெரும் பொருட்செலவைக் கோரிய பணிகள் அல்ல. ஒரு துறையும் சில மாணவர்களும் தெளிவான ஒப்புதல் படிவமும் கொண்டு தொடங்கியவை.

நம் பல்கலைக்கழகங்களின் மொழியியல், தமிழ்த் துறைகளில் முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் களப்பணித் திட்டம் செய்கிறார்கள். அவற்றுள் ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். அனுப்பியவர், பெற்றவர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். பெயர்களும் எண்களும் நீக்கப்பட வேண்டும். எதைக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவரே தீர்மானிக்க வேண்டும். இந்த நெறிமுறைகளை வகுப்பதே மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. பழைய மின்னேற்றிகளும் தரவுக் கம்பிகளும் பழுதுநீக்கும் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. இன்னும் சில ஆண்டுகளில் கிடைக்கா.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ 6600 ஒன்றோ என்70 ஒன்றோ இருந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். இத்தகைய தொகுப்புப் பணியில் ஏற்கெனவே ஈடுபட்டிருப்போரும் ஈடுபட விரும்புவோரும் பின்னூட்டத்தில் தெரிவித்தால், துறை கடந்து, மொழி கடந்து ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து பேசத் தொடங்கலாம். தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் நண்பர்களுக்கும் இதே வரலாறு உண்டு; அவர்களையும் அழைக்கிறேன்.